பதினேழு நிமிடங்கள்

மாலை ஆறு ஐம்பதுக்கு
ஈஜிபுராவின் வரைபடத்தில்
பதினொரு பச்சைப் புள்ளிகள் அணைகின்றன.
கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எரிகின்றன.
ஒன்று மட்டும் எப்போதும் கடைசியில்,
சரியாகப் பதினேழாம் நிமிடம்.

ஒன்பதாம் மாடிக் கண்ணாடி அறையில்
ஸ்வர்ணிம் அதை மூன்று முறை ஓட்டிக் காட்டினான்.
ஊக்கம் குறைவு என்றார் ஒருவர்.
மழைக்கால போனஸ் தரலாமே என்றார் இன்னொருவர்.
சோம்பேறிகள் என்று யாரும் சொல்லவில்லை,
நாகரிகமான நிறுவனம்.

சமூகவியல் படித்தவள் என்று என்னை எடுத்திருந்தார்கள்.
எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது;
அடையாள அட்டையில் 'மனிதர்கள் ஆய்வு' என்று போட்டுவிட்டார்கள்.
போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்கள்.

முதல் நாள் கேள்வித்தாளோடு போனேன்.
பதினொரு பேரும்
எல்லாக் கட்டத்திலும் 'திருப்தி' என்று குறித்துக் கொடுத்தார்கள்.
அத்தனை திருப்தியை
நான் கல்யாணப் பந்தியில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் தாள் இல்லாமல் போய் நின்றேன்.
அதற்கடுத்த நாளும் நின்றேன்.
நான்காம் நாள் ஷாஹிதா,
பர்தாவின் மேல் எங்கள் ஆரஞ்சுச் சட்டை போட்ட வாணியம்பாடிக்காரி,
பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:
"காலையிலேர்ந்து நிக்கறீங்களே அக்கா,
நீங்க எங்க போவீங்க?"

ஆறு வருடப் படிப்பில் வராத ஆய்வுமுறை
அடிவயிற்றில் வந்தது.

முடியாத மேம்பாலத்தின் தூணுக்குப் பின்னால்
ஒரு கல்யாண மண்டபம்.
மேலாளர் தன் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போகும் நேரம்
காவலாளி புருஷோத்தம் நாயக்
பக்கக் கதவின் தாழ்ப்பாளை விலக்கி வைப்பார்.
இரண்டு கழிவறை, ஒரு குழாய்.
காசு வாங்குவதில்லை, ஆனால் கணக்கு உண்டு:
அவர் சம்பளத்தை டிகந்தா தன் கைபேசியிலிருந்து
கஞ்சாமுக்கு அனுப்பித் தருவான்;
ரத்தான ஆர்டர் ஏதாவது மிஞ்சினால்
அது மண்டபத்து நாற்காலியில் போய் உட்காரும்.

இவர்கள் பிரியாணி கொண்டுபோகும் வீடுகளில்
நான்கு பேருக்கு ஐந்து கழிவறை.
காவல்கூண்டில் கையெழுத்து, சர்வீஸ் லிஃப்ட்,
வாசலில் ஒரு நன்றி.
எங்கேயும் யாரும் மறுத்ததில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

இதை ஒரு நல்ல கதையாக முடித்திருப்பேன்.
ஆனால் வரிசையைக் குறித்துக்கொள்வது என் தொழில்.
முதலில் பெண்கள். பிறகு முனிரத்தினம், டிகந்தா, மற்றவர்கள்.
மல்லேஷப்பா கடைசி.
சீக்கிரம் வந்து சேர்ந்த நாட்களிலும் கடைசி.
யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை,
யாதகிரியிலிருந்து கிளம்பும்போதே
அவன் இடம் அவனோடு வந்திருந்தது.
உள்ளே போனவன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி
இரண்டையும் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவான்.
ஏன் என்று நான் கேட்ட அன்று
பத்துப் பேரும் ஒரே நேரத்தில்
கைபேசியைப் பார்த்தார்கள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
மண்டபத்தின் பெயரை எழுதினால்
அற்புதமான கண்டுபிடிப்பு என்பார்கள்,
நன்றிக் கடிதம் ஒன்று மேலாளருக்குப் போகும்,
நாயக்கின் வேலையும் அதோடு போகும்.
எழுதினேன்: நகரம் முழுக்க இதே நிலை.
எழுதினேன்: உணவகங்கள் தங்கள் கழிவறையைத் திறக்கட்டும்.
வரிசையைப் பற்றி
ஒரு பத்தி எழுதி, அழித்து, எழுதி,
அழித்தேன்.

"சரி, ஆனால் எந்த இடம்?" என்றான் ஸ்வர்ணிம்.
கெட்டவன் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.
எனக்கு நினைவில்லை என்றேன்,
சம்பளம் வாங்கிய வாயால்.

அடுத்த மாதம் செயலியில் ஒரு புதிய பொத்தான் வந்தது.
ஓய்வு.
அழுத்தினால் புள்ளி அணையாது, மஞ்சளாகும்;
அபராதம் கிடையாது.
அறிமுகக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

பன்னிரண்டு நிமிடம் வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் ஐந்து
யாருடையது என்று
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.